பத்தொன்பதாம் வாரம்

தங்கேட கோட்டய்யா, சீராலாக்காரர்,
மண்டபம் கேம்ப் தபாலாபீஸுக்கு முதலில் வந்தபோது
சட்டைப்பையில் பேனா கசிந்து
நெஞ்சில் ஒரு நீலத் தீவு.

தலைமன்னார்க் கப்பலில் வந்து இறங்கும்
தோட்டத்துச் சனத்தைப் பற்றி எழுத வேண்டும்,
ஒரு வாரம் போதும் என்றார்.
இருந்தது ஒன்றரை வருஷம்.

நான் தந்தி குமாஸ்தா, சீனி நூர்தீன்.
தெலுங்கை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி நீட்டுவார்.
பதினைந்து எழுத்தைத் தாண்டினால்
ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் காசு என்பேன்.
"எங்க சொல்லு ரயிலு மாதிரி,
பெட்டி பெட்டியா கோத்திருக்கும், நடுவுல அறுக்காதே."
அவருக்கு ழகரம் வராது.
எங்கள் பக்கமும்தான் வராது.

விரலுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.
அவர் சொல்லெல்லாம் உகரத்தில் போய் முடியும்.
புள்ளி, புள்ளி, கோடு.
நாங்கள் பாதியில் விழுங்கிவிடும் உகரத்தை
அந்த மனுஷன் முழுசாக
வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை தொடர்கதை. புக் போஸ்ட்.
உறையை ஒட்டக்கூடாது, ஒட்டமாட்டார்.
கதை திறந்தே கிடக்கும் என் மேசையில்,
வட்ட வட்டமாக,
என்னால் படிக்க முடியாது என்ற தைரியத்தில்.

ஆடியில், மணல் பறந்த ஒரு ராத்திரி
நூற்றுப் பதினாறு சொல் கொண்டுவந்தார்.
எனக்குப் பிடிபட்டவை மூன்று:
கேம்ப், காலரா,
அப்புறம் அரிசி காண்டிராக்டரின் பெயர்.
(பெயர் இப்போதும் சொல்ல மாட்டேன்.
பேரன் எங்கள் தெருவில்தான் கடை வைத்திருக்கிறான்.)

காண்டிராக்டர் சாயங்காலமே வந்துபோயிருந்தார்.
பணம் தரவில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.
தங்கச்சி நிக்காஹ் எந்தத் தேதி என்று
விசாரித்தார், அவ்வளவுதான்.

'லைன் பழுது' என்று பதிவேட்டில் எழுதினேன்.
வெளியே கம்பி காற்றில்
நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.

காலையில் அனுப்பினேன். அதற்குள்
செய்தி வருமுன்னே மறுப்பு வந்துவிட்டது
மதராஸ் பேப்பரில்.
பத்தாம் நாள் அவருக்கு வேலை போனது.
வந்தார். பதிவேட்டைக் கேட்கவில்லை.
ஸ்டாம்பு நாலு வாங்கினார்,
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டார்.
அதன்பிறகு தந்தி இல்லை. வியாழக்கிழமைகள் மட்டும்.

அவர் போன மறுவருஷம்
பாம்பன் பாலத்துக்குச் சாயம் அடிக்க வந்த
நெல்லூர் குர்ரம் அங்கய்யா
பழைய வாரப் பத்திரிகைகளைத் தலைக்கு வைத்துப் படுப்பார்.
கோட்டய்யா பேரைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து
வாசித்துக் காட்டினார்.

ரங்கய்யா என்று ஒரு தந்தி குமாஸ்தா.
இடது காது கொஞ்சம் மந்தம்.
வெற்றிலைக் காம்பைக் கிள்ளி
மேசைக்கு அடியில் ஒட்டுகிறவன்.
பத்தொன்பதாம் வாரம்
வடகடலில், இடுப்பளவுத் தண்ணீரில்
மூழ்கிச் செத்துப்போனான்.

எனக்கு நீச்சல் தெரியும்.
அவருக்கும் அது தெரியும்,
குந்துகாலில் ஒருமுறை அவரை
முடியைப் பிடித்து இழுத்துவந்தவன் நான்தான்.

அந்தத் தந்தி? ஏன் போகவில்லையாம்?
அங்கய்யா சாயம் காய்ந்த விரலால் வரியைத் தடவித் தேடினார்.
"அன்னிக்கு லைன் பழுதுன்னு போட்டிருக்கு.
வேற ஒண்ணும் எழுதலை."

பதினோரு நாவல். மூன்று பத்திரிகை மாறினார்,
இரண்டு அவருக்கு முன்னால் செத்தன.
அவர் சாவுச் செய்தியில் எங்கள் ஊருக்குக் கிடைத்தது:
'தெற்கே சிறிது காலம்.'

இரங்கல் தந்திக்கு அச்சடித்த வாசகம் உண்டு,
நம்பர் தட்டினால் போதும்.
நான் அங்கய்யாவிடம் கேட்டு வைத்திருந்த
தெலுங்குச் சொல் ஒன்றைத் தட்டினேன்.
பதினைந்துக்குள் அடங்கியது, ஒரு சொல் காசுதான்.
ஆனால் அது உகரத்தில் முடியவில்லை. இகரம்.
புள்ளி, புள்ளி.
கோட்டுக்காக விரல்
அப்படியே நின்றது.